சவரியப்பன் ரத்தத்தில் புழு

இந்தக் காலத்து ஆட்களுக்கு மனுஷன் வாய்திறந்து சொன்னால் காதில் ஏறாது. துண்டுக் காகிதம் சொன்னால் அப்படியே நம்பிவிடுவார்கள். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து சவரியப்பன் இதை மருமகள் விண்ணரசியிடம் மூன்றாவது தடவையாகச் சொன்னார்.

எழுபத்திரண்டு வயது. உடம்பெல்லாம் கொப்புளம். மண்வெட்டியைப் பிடித்தால் உள்ளங்கைத் தோல் உரிந்து வந்தது. வாய்க்காலில் தண்ணீர் வந்தாயிற்று, பத்து நாளில் சம்பா நடவு. அதற்குள் கை ஆறாவிட்டால் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிடப் போவதாக மகன் ஆண்டனி சொல்லிவிட்டான்.

கொப்புளத்துக்கு மாத்திரை இருக்கிறது. ஆனால் உடம்பில் புழு இருக்கிறதா என்று பார்க்காமல் தர மாட்டேன் என்று டாக்டர் ஜஸீலா ஒரே பிடியாக நின்றாள். மூன்று நாள் மலம் வாங்கிப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. அப்புறம் ரத்தம் எடுத்தார்கள். இன்று அதன் முடிவு. உள்ளே கூப்பிட்டார்கள்.

“புழு இருக்கிற மாதிரி காட்டுதுய்யா,” என்றாள் ஜஸீலா.

“வயித்துல இல்லாதது ரத்தத்துக்கு எப்படி வந்துச்சு? நீந்தியா?”

“ரத்தத்துல நாங்க புழுவைத் தேடலை. புழு உள்ள வந்தா உடம்பு அதை எதிர்த்து ஒண்ணை உண்டாக்கும், அதைத்தான் தேடுறோம். இந்தப் புழு மலத்துல லேசுல சிக்காது. வெறுங்கால்ல சேத்துல நிக்கும்போது தோல் வழியா ஏறும்.”

“எப்ப ஏறுச்சு?”

“அது தெரியாது. அம்பது வருஷம்கூட உள்ளேயே கிடக்கும்.”

“செத்திருந்தா?”

“செத்தாலும் கொஞ்ச காலம் இப்படித்தான் காட்டும்.”

“கேட்டுக்க விண்ணரசி. எப்ப வந்துச்சு தெரியாது, உயிரோட இருக்கா தெரியாது. இதைச் சொல்லத்தான் ஊசி குத்தி ரத்தம் எடுத்தாங்களாம்.”

“சும்மா இருங்க மாமா.”

அவர் வேட்டி மடியிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து ஜஸீலாவின் மேஜையில் போட்டார். “பக்கத்து வீட்டு நல்லக்கண்ணு இளைப்புக்குத் திங்கிறது. நீங்க தரப்போறதும் இதானே? நானே போட்டுக்குறேன்.”

ஜஸீலா அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. “இதைத் தின்னீங்களா?”

“இன்னும் இல்ல.”

“தின்னுறாதீங்க. கொப்புளத்துக்கும் இதேதான், ஆனா இது உடம்போட காவலைத் தூங்க வெச்சிடும். ஒரு புழு நூறாகி நுரையீரல் வரைக்கும் போகும். அப்புறம் பிழைக்க வைக்கிறது கஷ்டம். ரெண்டு நாள் புழு மாத்திரை போடுங்க, அதுக்கப்புறம் கொப்புளத்துக்கு நானே தரேன். வயலுக்குச் செருப்புப் போட்டு இறங்குங்க.”

“வயல்ல செருப்போடயா? எங்கப்பன் கல்லறையிலேருந்து எந்திரிச்சு வந்து அடிப்பான்.”

பத்தில் இரண்டு போனால் எட்டு. எட்டு நாளில் கை ஆறுமா என்று கேட்டார். பெரும்பாலும் ஆறிவிடும் என்றாள். வெறும் வயிற்றில் போட வேண்டிய மாத்திரை; அவர் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. புழு மாத்திரையை வாங்கி அங்கேயே விழுங்கினார்.

“நம்பிப் போடல. நடவுக்காகப் போட்டேன்.”

“ரிப்போர்ட்டை எடுத்துக்குங்க.”

“நம்புறவங்களுக்குக் குடுங்க,” என்று சொல்லிவிட்டு, விண்ணரசிக்குக்கூட நிற்காமல், ஊருக்குப் போகிற பூதலூர் பஸ்ஸைப் பார்த்து நடந்தார்.