சப்பாத்துக்குச் சந்தனம்

என் மகள் ஜதுர்ஷிகா பனிமலைக்குப் போகிறாள் என்று சொன்னதும் கிழக்கு லண்டன் பார்க்கிங்கில் இருக்கிற பிறேமினி மச்சாள் போனிலேயே சிரித்தாள். பிறேமினி என் கணவரின் தங்கை. அவளுடைய மகன் பல் வைத்தியர். அதைச் சொல்லாமல் அவள் போனை வைத்த நாள் கிடையாது.

"பனியிலை சறுக்கி விளையாடுறதுக்கே இவ்வளவு எடுப்பு, சுலோ மச்சாள்? இவன் என்ரை மகன் எண்டா சனிக்கிழமையும் கிளினிக்கிலை நிக்கிறான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எடுப்புத்தான், பெருமைதான். இல்லையென்று நான் எங்கே சொன்னேன்?

சும்மா சறுக்குகிறவர்கள் கம்பியில் தொங்கும் கதிரையில் குந்தி மேலே போவார்கள். என் மகளின் கிளப்காரர் அப்படியில்லை. நீளப் பலகைகளைக் காலில் பூட்டிக்கொண்டு மலையில் நடந்தே ஏறி, பிறகு சறுக்கி இறங்குகிறவர்கள். அதற்குப் பெயர் ஸ்கீ டூரிங். அந்தக் கிளப்பில் போகிற எல்லாருடைய சப்பாத்தையும் பூட்டையும் சோதித்து, "நீங்கள் போகலாம், நீங்கள் போக ஏலாது" என்று சொல்லுகிற பொறுப்பை இந்த வருடம் ஜதுவிடம் கொடுத்திருந்தார்கள். கிங்ஸ்பரியில் வளர்ந்து கவுன்சிலில் வேலை செய்கிற என் பிள்ளை சரியென்று தலையாட்டினால்தான் அவர்கள் மலைக்குப் போகலாம். பல்லுப் பிடுங்குகிறவனுக்கு அந்த அதிகாரம் உண்டா?

ஒருநாள் நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருக்க, பலகை ஒன்றைக் குசினி மேசையில் தூக்கி வைத்து எனக்கு விளங்கப்படுத்தினாள். பலகையில் இருக்கிற பூட்டுக்குப் பைண்டிங் என்று பெயர். அதன் முன்பக்கத்தில் ஊசி மாதிரி இரண்டு இரும்பு முளை. சப்பாத்தின் மூக்கில் இரண்டு பக்கமும் சின்னச் சின்னக் குழி. முளை குழிக்குள் போய் இறுகக் கடிக்க வேண்டும். ஏறும்போது குதிகாலைத் தூக்கி நடக்கலாம். இறங்கும்போது குதியும் பூட்டுப்படும்.

"கழர வேண்டிய நேரம் கழரோணும் அம்மா, இல்லாட்டி கால் முறியும். கழரக் கூடாத நேரம் கழரக் கூடாது, கழண்டா ஆள் பள்ளத்துக்கை. இவ்வளவுதான் விசயம்."

"எங்கடை சனத்தின்ரை கலியாணத்துக்கும் இப்பிடி ஒரு பூட்டு இருந்தா நல்லம்," என்றேன். அவள் சிரிக்கவில்லை. பூட்டு விசயத்தில் அவளுக்குப் பகிடி பிடிக்காது.

அவளுடைய பழைய சப்பாத்து பார்வைக்கு நல்லாத்தான் இருந்தது. அடி தேய்ந்துவிட்டது என்று தானே கழித்துவிட்டுப் புதிது வாங்கினாள். அங்கேதான் வந்தது வினை.

என் கணவர் அருட்பிரகாசம் வாய் திறக்காத மனுசன். கோயில் கூட்டத்தில்கூட தன் கருத்தை என் காதில் சொல்லி, என்னைக் கொண்டுதான் சபைக்குச் சொல்லுவிப்பார். ஆனால் வீட்டுக்குள் எந்தப் புதுச் சாமான் வந்தாலும் சந்தனக் கிண்ணத்தோடு வந்து நிற்பார். கார் வாங்கினால் சில்லுக்குக் கீழே தேசிக்காய். உடுப்பு மெசினுக்குப் பொட்டு. பிள்ளையின் லப்டொப்புக்கும் பொட்டு. எங்கள் வீட்டு பொய்லர் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி நிற்கிறது. புதுச் சப்பாத்துப் பெட்டியைக் கண்டதும் மனுசனுக்குக் கை துறுதுறுத்தது.

"சுலோ, இதுக்கும் கொஞ்சம் வைப்பமோ?"

"சப்பாத்துக்கோ? உங்களுக்கென்ன விசரோ? சாமிக்கு அரைச்ச சந்தனத்தைக் காலிலை போடுற சாமானுக்கோ?"

"இதைச் சப்பாத்தெண்டு பாக்காதையுமப்பா. பிள்ளையைச் சுமந்துகொண்டு போறதெண்டபடியா இதுவும் ஒரு வாகனம்தானே."

"அபசாரம் பேசாமல் போய் உங்கடை வேலையைப் பாருங்கோ."

போய்விட்டார். பேசாமல் போனால் சம்மதித்துவிட்டார் என்று நினைத்தது என் புத்தி.

சோதனை வெள்ளிக்கிழமை பின்னேரம், எங்கள் வீட்டுக்குக் கிட்ட உள்ள தேவாலய மண்டபத்தில். அடுத்த நாள் விடிய எல்லாரும் ரெயின் ஏற வேண்டும். நான் ஒரு தட்டு நிறைய ரோல்ஸ் பொரித்துக்கொண்டு போனேன். இவர் பிள்ளையின் பலகைகளைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். இரண்டு பேரும் பின் வரிசையில் இருந்தோம்.

என் பிள்ளையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, ரோச் லைற்றும் கையுமாக மேசைக்குப் பின்னால் நின்றாள். பனைமரம் மாதிரி ஒரு வெள்ளைக்காரர் தன் பூட்டை இறுக்கோ இறுக்கென்று இறுக்கிக்கொண்டு வந்திருந்தார். தான் விழுகிற ஆளில்லையாம். விழாத மனுசர் இன்னும் பிறக்கவில்லை என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, அவருடைய நிறையைக் கேட்டு, அதற்கேற்றபடி திருகாணியைத் தளர்த்தினாள். அவர் நன்றி சொல்லிப் பலகையை வாங்கிக்கொண்டு போனார். நான் என் கணவரை முழங்கையால் இடித்தேன். அவர் மடியில் கை கோர்த்துக்கொண்டு சிரித்தார்.

தன் சப்பாத்தைத் தானே சோதிக்கக் கூடாது என்பது அவர்களுடைய விதி. ஆகவே கடைசியாக ஜதுவினதை ஹெலன் பார்த்தாள். போன வருடம் வரை இந்தப் பொறுப்பில் இருந்தவள் அவள்தான். சப்பாத்தைப் பூட்டில் வைத்து அமத்தினாள், குதியை இரண்டு தரம் தூக்கிப் பார்த்தாள். புதுச் சப்பாத்துத்தானே, சரி என்றாள். எல்லாரும் கை தட்டினார்கள். சிலர் பைகளைக் கட்டவும் தொடங்கிவிட்டார்கள்.

"நில்லுங்கோ," என்றாள் ஜது. "சத்தம் சரியில்லை."

சப்பாத்தைத் திரும்பவும் பூட்டினாள். குதியை மேலும் கீழும் பல தரம் ஆட்டினாள். பிறகு உள்ளங்கையால் பக்கவாட்டில் ஒரு அடி. பூட்டுப்பட்ட சப்பாத்து டக்கென்று கழன்று நிலத்தில் விழுந்தது.

அவள் சப்பாத்தை எடுத்து, ஊசியால் குழிக்குள் மெல்லக் கிண்டினாள். வெளிறின மாவுத்தூள் கொஞ்சம் கடதாசியில் உதிர்ந்தது. குழிக்குள் பதித்த இரும்பைப் பிடித்து வைத்திருக்கிற பசைதான் உதிர்கிறதோ தெரியவில்லை, அப்படியென்றால் இந்தச் சப்பாத்தை நம்ப முடியாது என்று எல்லாருக்கும் சொன்னாள். துடைத்துவிட்டுப் போகலாமே என்றாள் ஹெலன். ஜது மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். காரணம் தெரியாத பிழையோடு ஒருவரும் மலைக்குப் போவதில்லை, அது தனக்கும் சேர்த்துத்தான் என்று சொல்லிவிட்டு, போக ஏலாது என்கிற சிவப்பு அட்டை ஒன்றை எடுத்துத் தன் சப்பாத்தில் தானே கட்டினாள்.

இந்தப் பயணத்துக்காகப் போன மாரிக் குளிரிலிருந்து லீவு சேர்த்துக் காத்திருந்தவள். குரல் நடுங்கவில்லை. ஆனால் கீழுதட்டைக் கடித்துக்கொண்டாள். சின்ன வயதில் அழுகையை அடக்குகிறபோதும் அப்படித்தான் கடிப்பாள். என் நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது. துக்கமா பெருமையா என்று கேட்டால் இரண்டும்தான்.

ரோல்ஸ் தட்டோடு கிட்டப் போனபோதுதான் கடதாசியில் கிடந்த தூளைக் குனிந்து வடிவாகப் பார்த்தேன். அந்த நிறம் எனக்குத் தெரியும். வெள்ளிக்கு வெள்ளி அந்தக் கிண்ணத்தைத் தேய்த்துக் கழுவுகிறவள் நான். திரும்பிப் பார்த்தால் மனுசனின் நெற்றி வேர்த்துக் கிடக்கிறது. வாயைத் திறந்தேன். அன்றைக்கு அவரை நான் ஒரு வழி பண்ணியிருப்பேன்.

எனக்கு முதல் அவர் எழும்பிவிட்டார்.

"பிள்ளை, அது பசை இல்லை. சந்தனம். நான்தான் வைச்சனான்."

ஜது திகைத்துப் போனாள். "எங்கை வைச்சனீங்கள் அப்பா?"

"ரெண்டு சப்பாத்திலையும், அந்தக் குழியளுக்குள்ளை. வெளியிலை வைச்சாக் கொம்மா கண்டிடுவா. அதுதான் ஒருத்தருக்கும் தெரியாத இடமாப் பாத்து..."

மண்டபத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஜது அவருக்குக் கிட்ட வந்தாள். கோபிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் அவருடைய கையைப் பிடித்தாள்.

"இவைக்கும் நீங்களே சொல்லுங்கோ அப்பா. இது எல்லாரும் கேக்க வேண்டிய விசயம்."

கோயில் கூட்டத்தில் பேசாத மனுசன் அத்தனை வெள்ளைக்காரருக்கு முன்னால் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார். எங்கள் வீட்டில் வாகனத்துக்குச் சந்தனம் வைத்து ஆசீர்வதிப்பது வழக்கம். பிள்ளையைச் சுமக்கிறதென்றபடியால் இதுவும் வாகனம் என்று நினைத்தேன். சப்பாத்துக்கு வைக்க வெட்கமாக இருந்தது, ஒளித்து வைத்தேன். ஒளிக்கக் கூடாத இடத்தில் ஒளித்துவிட்டேன். பிழை என்னுடையது, சப்பாத்தில் பிழை இல்லை.

ஒருவரும் சிரிக்கவில்லை. ஹெலன் கடதாசியை எடுத்து மூக்கில் வைத்து மணந்து பார்த்தாள். தானும் புதுசு என்று நம்பி அவசரப்பட்டதாகச் சொன்னாள். ஜது எல்லாரையும் மேசையைச் சுற்றி வரச் சொல்லி, குழியைக் காட்டினாள். பனிக்கட்டி இறுகினாலும் சேறு அடைத்தாலும் இதே கதைதான், பூட்டினது போலத் தெரியும், ஆனால் பூட்டுப்பட்டிருக்காது, ஒவ்வொரு தரமும் குழியைப் பாருங்கள், ஆட்டிப் பாருங்கள் என்றாள். பிறகு சுடுதண்ணீரும் பழைய பல்லுப் பிரஷும் வந்தது. தேய்த்துக் கழுவி, ரோச் அடித்துப் பார்த்து, ஹெலன் இந்த முறை உண்மையாகவே சோதித்தாள். அந்தப் பனைமர மனுசனையும் கூப்பிட்டுச் சப்பாத்தின் பக்கவாட்டில் அடிக்கச் சொன்னாள். இரண்டு சப்பாத்தும் அசையவில்லை. சிவப்பு அட்டையை ஹெலனே கத்தரித்து எறிந்தாள்.

வீட்டுக்குத் திரும்பி வரும்போது ஏசுவதற்கு என்னிடம் ஒரு மூட்டை ஏச்சு இருந்தது. ஒன்றுகூட வெளியே வரவில்லை. இந்த மனுசன் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் பிள்ளை மலைக்குப் போகாமல் வீட்டிலேயே நின்றிருப்பாள். பிள்ளை விழுந்துவிடுவாளோ என்ற பயத்தில்தான் அவர் சந்தனமே வைத்தார்; அந்தப் பயத்துக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை. அப்படியிருந்தும் எழும்பினாரே. கட்டினவரை நினைத்து நான் இவ்வளவு பெருமைப்பட்டு நெடுநாள்.

வீட்டுக்குள் கால் வைக்கவில்லை, பிறேமினி மச்சாளின் போன்.

"என்னவாம், பிள்ளை பாஸோ?"

"ஓம், பாஸ். ஆனா முதல் பெயில்."

"ஐயோ! ஆர் பெயிலாக்கினது?"

"அவள்தான். எல்லாரும் பாஸ் எண்டு கை தட்டினாப் பிறகு, தன்ரை சப்பாத்தைத் தானே பெயிலாக்கினவள். உங்கடை மகன் தன்ரை பல்லைத் தானே பிடுங்குவானோ?"

அன்றைக்குத்தான் மச்சாள் மகன் பல் வைத்தியர் என்று சொல்லாமல் போனை வைத்தாள்.

விடியப் புறப்படும்போது சந்தனக் கிண்ணத்தை நானே எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். இவர் என்னைப் பார்த்தார். "வாகனம்தானே," என்றேன். ஜது சப்பாத்தின் குதிப் பக்கத்தை எனக்கு நேரே திருப்பிப் பிடித்து, எங்கே வைக்கலாம் என்று விரலால் காட்டினாள். அவள் காட்டின இடத்தில், எல்லாருக்கும் தெரிகிற மாதிரி பெரிய பொட்டாக வைத்தேன்.

நான் கையை எடுத்ததுதான் தாமதம், சப்பாத்தை மற்றப் பக்கம் திருப்பி, ரோச் லைற்றை அடித்து அந்தக் குழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"என்னிலையும் நம்பிக்கை இல்லையோ?" என்று கேட்டேன்.

"இல்லை அம்மா," என்றாள்.

அதன்பிறகுதான் எனக்கு அவளை அனுப்ப மனம் வந்தது.