மேசைமேல் வைத்த பாஸ்போர்ட்

யாபாவின் மகன் கிவானோ பாரிஸ் ஆஸ்பத்திரியில் தனியாகக் கிடந்தான். எட்டு வயது. இதயத்தில் கோளாறு. தென் அமெரிக்காவில் பிரான்ஸ் ஆளுகிற மரோனி ஆற்றங்கரையில் அந்த ஆபரேஷனுக்கு வழியில்லை என்று ஒரு நர்ஸைத் துணைக்குப் போட்டு விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். தாய்க்கு இடம் இல்லையாம். கடல் தாண்டிப் போகிற பிள்ளைக்கு ஆக்சிஜன் வேண்டும், குழாய் வேண்டும், அம்மா மட்டும் வேண்டாம். நல்ல நியாயம்!

நாளை மத்தியானம் அவனுக்கு மயக்க மருந்து கொடுப்பார்கள். "நீ வந்து என் கையப் புடிச்சாத்தான் நான் தூங்குவேன்" என்று போனில் சொல்லியிருந்தான். அங்கே அவனோடு அவன் பாஷையில் பேச ஆளில்லை. இன்று சாயங்கால விமானத்தில் ஏறினால் காலையில் போய்ச் சேர்ந்துவிடலாம். யாபாவின் தாய்மாமன் கோஜோ உறவுக்காரர்களிடம் திரட்டி டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். ஆற்றங்கரையில் ஒரு பெண்ணுக்கு முடை என்றால் தாய்வீட்டு ஆட்கள்தான் கூடி நிற்பார்கள்.

"ஆபரேஷன் முடியிற வரைக்கும் நம்ம பெரியவங்க வச்ச ஒரு விதியையும் மீறிடாத, யாபா" என்று சொல்லித்தான் வேனில் ஏற்றிவிட்டார். "மீறினா அது உன்மேல விழாது. புள்ள மேல விழும்."

விமான நிலையத்துக்குப் போகிற வழியில், வேனில் உட்கார்ந்திருக்கும்போதே, அவளுக்குத் தூரம் வந்துவிட்டது. இன்னும் நாள் இருக்கையில் இப்படி. கவலையில் உடம்பு கணக்குத் தவறிவிட்டது போலும். அந்த நாட்களில் ஆற்றங்கரைப் பெண் எந்த ஆணின் கையிலும் எதையும் நேராகக் கொடுக்க மாட்டாள். கீழே வைத்துவிட்டு விலகி நிற்பாள். அவன் ஒன்றும் கேட்காமல் எடுத்துக்கொள்வான். அரைக்கால் சட்டைப் பயலுக்குக்கூட அங்கே அது தெரியும். அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

வரிசையில் அவளுக்கு முன்னால் ஒரு பிரெஞ்சுக்கார அம்மாள் நின்றாள். பை நிறையப் புகைமீனும் மிளகாய்ச் சாறும். சோதனை அதிகாரி மொனியே பாஸ்போர்ட்டை வாங்கினான், சிரித்தான், பையைத் தொடக்கூட இல்லை. ஐரோப்பாவிலிருந்து வந்து சில மாதமே ஆன ஆள் அவன்.

யாபாவின் முறை வந்தது. அவள் பாஸ்போர்ட்டை மேசை ஓரத்தில் வைத்துவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்து நின்றாள்.

"எடுத்துக் கையில குடுங்க" என்றான் மொனியே.

"அங்கதான் இருக்கு, ஐயா. எடுத்துக்குங்க."

"நான் என்ன உங்க வீட்டு வேலைக்காரனா? குடுங்கங்கறேன்!"

அவள் தலை குனிந்துகொண்டாள். கையை நீட்டவில்லை. கிவானோவின் முகம்தான் கண்முன் நின்றது.

"டிக்கெட் யார் எடுத்தது?"

"மாமா."

"எப்போ?"

"நேத்து."

"ஏன், நீங்க எடுக்கலையா? உங்க புருஷன் எடுக்கலையா?"

"எங்கள்ல மாமாதான், ஐயா, செய்வாங்க."

வயிற்றுக்குள் போதைப்பொருளை வைத்துக்கொண்டு பாரிஸ் போகிறவர்கள் ஆற்றங்கரையில் இல்லாமலில்லை. அதை மறைப்பானேன்? கடைசி நேரத்தில் வேறு யாரோ எடுத்த டிக்கெட், பார்வையைத் தவிர்க்கிற இளம்பெண். இவ்வளவு போதும் மொனியேவுக்கு. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டுவிட்டான்.

பக்கத்து அறைக்கு அழைத்துப் போனார்கள். ரோஸ்லின் என்ற உள்ளூர்க்காரி சோதனை போட்டாள். மேல்துணி, பாவாடை, உள்ளே கட்டியிருந்தது, எல்லாவற்றையும் அவிழ்க்கச் சொன்னாள். யாபா அவிழ்த்தாள். ரோஸ்லின் பார்த்தாள், மூக்கைச் சுளித்தாள், பாதி திறந்திருந்த கதவுப் பக்கம் திரும்பிக் கத்தினாள்.

"சார், ஒண்ணுமில்ல! மாசாமாசம் வர்றதுதான்!"

வெளியே ஆண்கள் சிரிப்பது கேட்டது. பெற்ற தகப்பனுக்குக்கூட இவள் சொல்லாத விஷயம் அது. யாபா துணியை அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள்.

"ஏம்மா, இத மொதல்லயே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?" என்றாள் ரோஸ்லின்.

"ஆம்பளைகிட்டயா?"

ரோஸ்லின் கையுறையைக் கழற்றிக் கூடையில் போட்டாள்.

மொனியே அதோடு விடவில்லை. வெளியே எதுவும் இல்லையென்றால் வயிற்றுக்குள் இருக்கலாம் என்றான்.

"படம் எடுத்துப் பாருங்க, ஐயா. இப்பவே எடுங்க. எம்புள்ள காத்துக்கிட்டிருக்கான்."

"அதுக்கு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகணும். அதுக்குள்ள விமானம் கெளம்பிடும்."

"அப்ப என் மேல என்ன குத்தம்?"

"குத்தம்னு நான் சொல்லலையே. சந்தேகம். சந்தேகம் போதும். அஞ்சு நாளைக்கு ஏற முடியாது."

வல்லான் வகுத்ததே வாய்க்கால். யாபா போனில் கிவானோவின் படத்தைக் காட்டினாள். மூக்கில் குழாயோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கட்டைவிரலை உயர்த்திச் சிரிக்கிற படம்.

"இங்க வர்ற எல்லார்கிட்டயும் ஒரு புள்ள போட்டோ இருக்கு, மேடம்" என்றான் மொனியே.

அவள் வெளியே வந்து கார்கள் நிற்கிற இடத்தில் தரையில் உட்கார்ந்தாள். தலைக்கு மேலே விமானம் போயிற்று. கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது.

"அம்மா, ஏறிட்டியா?"

பொய் சொல்லக் கூடாது என்றும் ஒரு விதி உண்டு. ஆனால் எந்தத் தாய்க்கு உண்மையைச் சொல்ல வாய் வரும்?

"ஏறிட்டேன்டா ராசா."

"ஜன்னல் ஓரமா?"

"ஆமாடா, ஜன்னல் ஓரம்தான். நீ தூங்கு."

மறுநாள் மாலை பாரிஸிலிருந்து ஒரு நர்ஸ் பேசினாள். மயக்க மருந்து கொடுக்கிறவரை பையன் கதவையே பார்த்துக்கொண்டிருந்தானாம். அம்மா வழியில் இருக்கிறாள், ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கிறாள் என்று கையைக் காட்டிக் காட்டிச் சொன்னானாம். தூங்க மாட்டேன் என்று அடம்பிடித்தானாம். அப்புறம் தூங்கினான். எழுந்திருக்கவில்லை.

"ஒரு விதிய மீறலையே, மாமா" என்று யாபா கோஜோவிடம் அழுதாள். "ஒண்ணக்கூட மீறலையே! பொய்யி மட்டும்தான் சொன்னேன்."

தடை முடிந்ததும் உடலைக் கொண்டுவரப் புறப்பட்டாள். இந்த முறையும் டிக்கெட்டை மாமாதான் எடுத்தார், அதுவும் முந்தின நாள்தான். அதே வரிசை, அதே மேசை, அதே மொனியே. அவளுக்குத் தூரம் நின்றுவிட்டிருந்தது. பாஸ்போர்ட்டை நேராக அவன் கையில் கொடுத்தாள்.

மொனியே பக்கத்து மேசைக்காரனோடு கால்பந்து பேசிக்கொண்டிருந்தான். பாஸ்போர்ட்டை விரித்தான், மூடினான், திருப்பி நீட்டினான். அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"போங்க மேடம்."

யாபா நகரவில்லை.

"என்னைச் சோதிக்கலையா?"

"எதுக்கு?" அவன் அப்போதுதான் நிமிர்ந்தான். யாரென்று அவனுக்குத் தெரியவில்லை.

"டிக்கெட் யாரு எடுத்ததுன்னு கேக்கலையா? துணிய அவுக்கச் சொல்லலையா?"

"என்னம்மா பேசறீங்க? எல்லாம் சரியாத்தானே இருக்கு. நல்லபடியா போயிட்டு வாங்க."

"அன்னிக்கும் இதே பாஸ்போர்ட்டுதான், ஐயா" என்றாள் யாபா. "இதே நான்தான்."

பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். மொனியே அவளைத் தாண்டிக் கையை நீட்டி, "அடுத்தது!" என்றான்.