பெரியவர்கள் மேஜையில் ஒரு காலி நாற்காலி

வான்கோழியின் வயிற்றுக்குள் ஹேர் டிரையரை முழங்கைவரை நுழைத்திருந்தேன். மணி காலை ஆறே முக்கால். உள்ளே ஐஸ். காங்கிரீட் மாதிரி ஐஸ்.

தோளுக்கும் காதுக்கும் நடுவே போன். மறுமுனையில் வான்கோழி உதவி எண்ணில் ஒரு பெண்மணி. வீடு தவறாமல் வான்கோழி வேகும் நன்றி தெரிவிக்கும் நாளன்று, என்னைப் போன்ற அசடுகளுக்காகவே விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்திருப்பவர்.

"அது என்னம்மா பின்னாடி சத்தம்?"

"ஹேர் டிரையர்."



"முதல்ல அதை வெளியே எடுங்க. கோழி எத்தனை பவுண்டு?"

"இருபத்திரெண்டு."

"ஃப்ரீசர்லேர்ந்து எப்ப எடுத்தீங்க?"

"முந்தாநேத்து."

"நாலு பவுண்டுக்கு ஒரு நாள்னு சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியுமே!"

தெரியலாம். அந்தச் சின்னக் குழந்தைகளோடுதான் நான் சாப்பிடுகிறேன். பிரச்சினையே அதுதான்.

என் பெயர் கோரின் ஹால்வர்சன். வயது முப்பத்தேழு. விஸ்கான்சினில் பாலங்களைச் சோதிக்கும் இன்ஜினியர். நான் கையெழுத்துப் போட்டால்தான் லாரி ஓடும். ஆனால் ஒவ்வொரு நவம்பரிலும் மார்லிஸ் அத்தை வீட்டில் எனக்குச் சமையலறை ஓரத்து மடக்கு மேஜைதான். முழங்கால் தாடையில் இடிக்கிற குட்டி நாற்காலி. மூடி போட்ட பிளாஸ்டிக் டம்ளர். பக்கத்தில் ஆறு வயது ஜூனி. பட்டாணியை மூக்கில் ஏற்றுவதில் நிபுணி.

சாப்பாட்டு அறையில் பெரியவர்கள் மேஜை. எட்டே நாற்காலிகள். யாராவது போனால்தான் அடுத்தவர் ஏறலாம். போனால் என்றால், போனால்தான்.

போன மாதம் அத்தை எல்லோரையும் போனில் கூப்பிட்டாள்.

"இந்த வருஷம் பெரிய மேஜையில ஒரு நாற்காலி காலியாகுது. கோரின், வான்கோழி உன் பொறுப்பு. சரியா ரெண்டு மணிக்கு மேஜையில இருந்தா நாற்காலி உனக்கு. இல்லேன்னா பிரெண்ட்டுக்கு."

பிரெண்ட், வெர்லின் சித்தப்பாவின் மகன். முப்பத்துமூன்று வயதுப் பல் டாக்டர். மடக்கு மேஜையில் எனக்கு எதிர் நாற்காலி.

யாருடைய இடம் காலியாகிறது? அத்தை மூச்சு விடவில்லை. குடும்பமே கதிகலங்கிப் போயிற்று. வெர்லின் சித்தப்பா ஒரு தடவை இருமினார்; மூன்று வீடுகளில் துக்கத்துக்குப் போடும் கறுப்பு உடைக்கு இஸ்திரி போட்டார்கள். சித்தப்பாவே தன் டாக்டரிடம் ஓடி, "என்கிட்ட மட்டும் மறைக்காதீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதாராம்.

"லைன்ல இருக்கீங்களா?" என்றார் உதவிப் பெண்மணி. "தொட்டியில பச்சத் தண்ணி நிரப்பி முக்குங்க. அரை மணிக்கொரு தடவை தண்ணி மாத்துங்க. பத்து மணிக்கு எடுத்து, துண்டு துண்டா வெட்டி ஓவன்ல வைங்க. முழுசா வச்சா கிறிஸ்துமஸுக்குத்தான் வேகும்."

"ஐயோ, முழுசாத்தான் மேஜைக்கு வரணும் மேடம்! அத்தை எல்லார் முன்னாடியும் அறுப்பாங்க. நாப்பது வருஷப் பழக்கம்."

"அது உங்க குடும்ப விவகாரம். போனை வைங்கம்மா, அடுத்த லைன்ல ஒருத்தர் கோழியைத் துணி துவைக்கிற மெஷின்ல போட்டுட்டாராம்."

பத்து மணி. தோட்டக் கத்தரியால் முதுகெலும்பைப் பிளந்தேன். கால் தனி, இறக்கை தனி, மார்பு தனி. ஒன்றேகால் மணிக்கு எல்லாம் பொன்னிறம்.

இனிதான் இன்ஜினியர் வேலை.

மார்பை நடுவில் நிறுத்தினேன். கால்களை மூங்கில் குச்சியால் பொருத்தினேன். இறக்கைகளுக்கு ஆளுக்கு நான்கு பல்குச்சி. இணைப்புகள் தெரியாமல் கீரையைச் செருகி, மீதி ஓட்டைகளைக் க்ரான்பெரிப் பழத்தால் அடைத்தேன். தள்ளி நின்று பார்த்தால் முழு வான்கோழி. கிட்டே போனால் விபத்தில் தப்பியது.

காரில் பக்கத்து இருக்கையில் வைத்து பெல்ட் போட்டேன். வேகத்தடையில் ஏறும்போதெல்லாம் அது ஒரு காலை உதைத்தது.

ஒன்று ஐம்பத்தெட்டு. அத்தை வீட்டு வாசல். பிரெண்ட் இரண்டு கையிலும் தட்டு ஏந்தி நின்றான். தேன் தடவி வாட்டிய பன்றித்தொடை. ஆவி பறந்தது.

"என்னக்கா, லேட்டு? கவலைப்படாத. மடக்கு மேஜையில உன் டம்ளரைக் கழுவி வச்சிட்டேன்."

"வழியை விடுடா."

"கோழி ஏன் ஒரு பக்கமா சாயுது?"

"உன்னைப் பார்த்து வெட்கப்படுது. தள்ளு!"

இரண்டு மணி அடிக்கும்போது தட்டு மேஜையில் இருந்தது. மற்ற ஏழு பெரியவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். அத்தை நீளக் கத்தியோடு எழுந்து நின்றாள். எழுபத்தொரு வயது, இரும்பு முகம்.

கத்தி பட்டதுதான் தாமதம். வலது கால் கழன்று உருண்டு, உருளைக்கிழங்கு மசியலில் விழுந்தது. இடது இறக்கை வெர்லின் சித்தப்பா மடியில் குதித்தது. எங்கும் பல்குச்சி.

சமையலறைப் பக்கம் பிரெண்ட் சிரித்தே விட்டான்.

அத்தை ஒரு குச்சியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மடக்கு மேஜை மறுபடியும் என் கண்முன் வந்து நின்றது.

"நாப்பது வருஷமா இதை அறுத்து அறுத்து என் மணிக்கட்டு போச்சு," என்றாள். "வெட்டிக் கொண்டுவரலாம்னு ஒரு கழுதைக்கும் தோணலை. உட்காரு கோரின்."

தன் நாற்காலியையே இழுத்துப் போட்டாள். அவளுக்கு வேறு நாற்காலி வரும் என்று நினைத்து உட்கார்ந்தேன். முதுகு சாய்ந்தது. கால் நீண்டது. கையில் நிஜக் கண்ணாடி டம்ளர்!

சாப்பிடும் முன் ஒவ்வொருவரும் நன்றி சொல்ல வேண்டும். வெர்லின் சித்தப்பா தன் புது முழங்காலுக்கு நன்றி சொன்னார், ஆபரேஷனின் முதல் தையலிலிருந்து ஆரம்பித்து. அடுத்தவர் கூரைத் தண்ணீர்க் குழாயில் இலை அடைக்காததற்கு. அதற்கடுத்தவர் தன் குடலுக்கு, விவரமாக. மடக்கு மேஜையில் மட்டும் என்னவோ வெடிச்சிரிப்பு.

கடைசியில் அத்தை முறை. இன்னும் நின்றுகொண்டே இருந்தாள்.

"இந்த மேஜையை விட்டு யார் போகப்போறாங்கன்னு ஒரு மாசமா மண்டையை உடைச்சிக்கிட்டிருந்தீங்களே... நான்தான்."

சித்தப்பா கையிலிருந்து முள்கரண்டி விழுந்தது. "ஐயோ, மார்லிஸ்! டாக்டர் என்ன சொன்னாரு? எத்தனை நாளாம்?"

"டாக்டரா? எனக்கென்னடா, குத்துக்கல்லாட்டம் இருக்கேன். உங்க முழங்கால் கதையும் குடல் கதையும் நாப்பது வருஷம் கேட்டாச்சு. இனிமே கேக்கிறதுக்கு கோரின் வந்துட்டா. கடவுளுக்கு நன்றி!"

தட்டைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று சமையலறைக்கு நடந்தாள். என் குட்டி நாற்காலி கிறீச்சிட்டது.

"கொஞ்சம் நகரு ஜூனி. எதுக்கு சிரிச்சீங்க? எனக்கும் சொல்லுங்க."