முப்பத்தேழாம் எண் உறுப்பினர்

கிதர் முகம்மது பதினோரு வருஷம் நூலகராக இருந்தார். அந்தப் பதினோரு வருஷத்தில் ஒரு புத்தகத்தைக்கூட அவர் முழுதாகப் படித்ததில்லை. இதை அவர் மறைத்ததும் இல்லை. "மிட்டாய்க் கடைக்காரன் மிட்டாய் தின்ன ஆரம்பிச்சா கடை என்னத்துக்காகும்?" என்று கேட்பார்.

திண்டுக்கல்லில் ரயிலடிக்குப் போகும் சாலையில், ஒரு பூட்டுப் பட்டறையின் மாடியில் இருந்தது அந்தக் கிளை நூலகம். கீழே நாள் முழுக்க அரம் தேய்க்கும் சத்தம். மேலே சுவரில் அவர் கைப்பட எழுதிய பலகை: 'அமைதி காக்கவும். எச்சில் தொட்டுப் பக்கம் திருப்பாதீர். புத்தகத்துக்குள் எதையும் வைக்காதீர்.' புத்தகம் திரும்பி வந்தால் எண்ணைப் பார்ப்பார், முதுகைத் தடவுவார், அட்டையைத் தட்டி அலமாரியில் அடுக்குவார். உள்ளே என்ன இருக்கிறது என்பது வாசகர் பாடு.

அப்படியொரு வாசகர் அவர் வீட்டிலேயே இருந்தார். மனைவி நஜ்முன்னிசா. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பஸ் நிலையத்தருகே அவள் தம்பி நடத்திய பிரியாணிக் கடைக்கு நாள்தோறும் நாலு வீசை சின்ன வெங்காயம் உரித்துக் கொடுப்பது அவள் வேலை. மடிப்பக்கம் முறம், எதிரே பலகைக்கட்டையின் மேல் விரித்த புத்தகம். கை உரித்துக்கொண்டே இருக்கும், கண் ஓடிக்கொண்டே இருக்கும், கண்ணீரும் வழிந்துகொண்டே இருக்கும்.

"கதைக்கு அழுகுறியா, வெங்காயத்துக்கா?" என்பார் அவர்.

"இம்புட்டு வருஷம் கூட இருந்து அது தெரியலையா உங்களுக்கு?" என்பாள். அதற்குமேல் சொல்ல மாட்டாள்.

சர்க்கார் புத்தகத்தைச் சீட்டில்லாமல் வீட்டுக்கு எடுத்துப்போக அவர் மனம் ஒப்பவில்லை. பட்டறை ஆட்களைத் தாண்டி மாடிப்படி ஏற அவளுக்கு மனமில்லை. ஆகவே அவளை முப்பத்தேழாம் எண் உறுப்பினராகச் சேர்த்தார். சாயங்காலம் நாற்காலிக்கு முன்னால் நின்று புத்தகம் கேட்பவரும் அவரே, நாற்காலியில் உட்கார்ந்து கொடுப்பவரும் அவரே. 'நஜ்முன்னிசாவுக்காக' என்று எழுதிக் கையெழுத்தும் போடுவார்.

ஒருமுறை அவள் திருப்பிக் கொடுத்த புத்தகத்திலிருந்து வெங்காயத் தோல் ஒன்று உதிர்ந்தது. பக்க அடையாளமாம். அன்று அவர் அரை மணி நேரம் பேசினார். பொதுச் சொத்து என்றார், பூச்சி வரும் என்றார். அவள் "சரிங்க" என்றாள். அதிலிருந்து நூலகத்துக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவருக்கு இதே பெருமைதான்: "என் வீட்டுல ஒரு தடவதான் சொன்னேன். அப்புறம் ஒரு தோலு? ம்ஹூம்!"

அறுபத்து மூன்றாம் வருஷம் ஐப்பசி மழையில் மூன்று நாள் காய்ச்சலில் நஜ்முன்னிசா போய்ச் சேர்ந்தாள். நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்த மறுவாரம், நூலகத்தைச் சோதனையிட ராயப்பராஜ் என்ற அதிகாரி வந்தார். பதிவேட்டைப் புரட்டியவரின் விரல் ஒரே இடத்தில் நின்றது.

"யாரு பாய் இந்த முப்பத்தேழு?"

"என் சம்சாரம் சார்."

"நாலு வருஷத்துல அறுநூத்திப் பதினோரு புத்தகம். எல்லாக் கையெழுத்தும் உங்களது."

"அவ மாடியேறி வர மாட்டா சார்."

"என்ன படிச்சிருக்காங்க?"

"அஞ்சாங்கிளாஸ்."

ராயப்பராஜ் சிரித்தார். "என் வீட்டுல பி.ஏ. பாய். வருஷத்துக்கு ரெண்டு புத்தகம் தொட்டா அதிசயம். லைப்ரரிக்கு ஆள் வருதுன்னு மேல காட்டத்தானே இதெல்லாம்? சரி, கூப்பிடுங்க அவங்கள. நாலு கேள்வி கேட்டுர்றேன்."

"மவுத்தாகி நாப்பத்தாறு நாளாச்சு சார்."

அதிகாரி பேனாவை மூடினார். "வருத்தமான விசயந்தான்" என்றார். பிறகு பேனாவைத் திறந்தார். "ஆனா நான் எழுதித்தான் ஆகணும். போலி உறுப்பினர்."

வேலை போய்விடும் என்பது கிதர் முகம்மதுக்குத் தெரியும். அவரை வாட்டியது அது அல்ல. கபர்ஸ்தானில் அவளுக்குக் கல் வைக்கவில்லை. கடைப் பலகையில் இருப்பது தம்பி பெயர். இந்த ஊரில் நஜ்முன்னிசா என்று மையால் எழுதியிருந்த ஒரே இடம் இந்தப் பதிவேடு. அதில் அவள் இல்லவே இல்லை என்று ஆகப்போகிறது.

"அல்லா மேல ஆணையா, அவ படிச்சா சார்."

"அப்ப ஒரு கதையச் சொல்லுங்க பாப்போம். உங்ககிட்டச் சொல்லாமலா இருந்திருப்பாங்க?"

சொன்னாள்தான். சோறு பரிமாறியபடி தினம் தினம் சொன்னாள். அவர் அப்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் வெஞ்சனம் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு கதைகூட நினைவில் இல்லை.

மேசையின் மறுகோடியில் நாளிதழுக்குப் பின்னாலிருந்து ஒரு தலை எழுந்தது. சித்தையன்கோட்டை நாச்சிமுத்து. சந்தை நாளில் தன் காட்டில் விளைந்த வெங்காய மூட்டையை விற்றுவிட்டு, பஸ் வரும்வரை இங்கே உட்காருகிற சம்சாரி.

"செத்த நேரம் பொறுங்க சார். அந்தத் தோலு வைக்கிறது அவங்கதானா?"

"எந்தத் தோலு?" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

நாச்சிமுத்து எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை உருவி, கடைசிப் பக்கத்தை விரித்துக் காட்டினார். செம்பழுப்பாக, மெல்லிசாக, ஒரு வெங்காயத் தோல்.

"கடைசிப் பக்கத்துல தோலு இருந்தா அந்தப் புத்தகத்த எடுத்துட்டுப் போவேன். நடுவுல நின்னுபோயிருந்தா திரும்ப வச்சுருவேன். மூணு வருஷத்துல ஒருக்காகூட ஏமாந்ததில்ல. ஆபீசுலயே வைக்கிற அடையாளம்னுல்ல நெனச்சேன்! வெங்காயக்காரன் எனக்கே வாட தூக்கலாத்தான் இருந்துச்சு."

கிதர் முகம்மது அலமாரிக்கு ஓடினார். ஒன்றை உருவினார். தோல். இன்னொன்று. தோல். பக்கங்களின் மூலைகளிலெல்லாம் ஈர விரல் பட்டுக் காய்ந்த கறை. 'புத்தகத்துக்குள் எதையும் வைக்காதீர்' என்ற பலகைக்கு நேர் கீழே, தட்டுத் தட்டாக, நாலு வருஷத்து "சரிங்க" உட்கார்ந்திருந்தது.

ராயப்பராஜ் ஒரு புத்தகத்தை முகர்ந்தார். "வெங்காயந்தான். அப்ப இது பொதுச் சொத்துக்குச் சேதம் பாய். நூலகர் வீட்டு ஆளே செஞ்சது. நீங்க ஏன் புகார் எழுதல?"

"தெரியாது சார்."

"புத்தகத்தத் தெறந்து பாக்குறதே இல்லையா?"

கிதர் முகம்மது கையிலிருந்த புத்தகத்தின் அட்டையைத் தட்டினார்.

"ரெண்டுல ஒண்ணு எழுதணும். போலி உறுப்பினர்னு எழுதவா, சேதப்படுத்துன உறுப்பினர்னு எழுதவா?"

"சேதம்னே எழுதுங்க சார்" என்றார் கிதர் முகம்மது. கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நல்லாக் கொட்டை எழுத்துல எழுதுங்க."

ஒரு மாதத்தில் தபால் வந்தது. முப்பத்தேழாம் எண் உறுப்பினரான திருமதி நஜ்முன்னிசா தாம் படித்த நூல்களைத் தொடர்ந்து சேதப்படுத்தியிருப்பது நேரில் கண்டறியப்பட்டதால், அவர் இனி நூல் பெறத் தகுதியற்றவர். கவனக்குறைவாக இருந்த நூலகர் எச்சரிக்கப்படுகிறார். கிதர் முகம்மது அதை மூன்று தடவை படித்தார். மறுநாள் பிரியாணிக் கடைக்குப் போய் மச்சானிடம் நீட்டினார். "பாத்தியா? 'தாம் படித்த நூல்களை'ன்னு சர்க்காரே போட்டிருக்கு." வேலைக்கே உலை வைக்கும் காகிதத்தை ஒரு மனுஷன் கல்யாணப் பத்திரிகை மாதிரி நீட்டுவதை அவன் அன்றுதான் பார்த்தான்.

சீட்டு ரத்தானதால் அவள் கடைசியாக வாங்கிய புத்தகத்தைத் திருப்பியாக வேண்டும். அது பலகைக்கட்டையின் மேலேயே கிடந்தது. எடுத்துவந்து மேசையில் வைத்தார். அன்று சந்தை நாள். நாச்சிமுத்து அதைக் கையில் எடுத்துப் புரட்டினார்.

"நடுவுலயே நிக்குதே பாய். அவங்களுக்குப் புடிக்கல போல. எனக்கு வேணாம்."

"இது புடிக்காம விட்டது இல்ல, நாச்சிமுத்து."

நாச்சிமுத்து தோலை ஒருமுறை பார்த்தார். புத்தகத்தை மெதுவாக மூடினார். "அப்ப நீங்க படிச்சுட்டுச் சொல்லுங்க. நல்லாருந்தா தோலக் கடைசில வச்சிருங்க, போதும்."

அவர் படியிறங்கிப் போன பிறகு கிதர் முகம்மது பதிவேட்டைத் திறந்து, புது உறுப்பினராகத் தன் பெயரையே எழுதினார். தோல் நின்ற இடத்திலிருந்து தொடங்குவதா, முதலிலிருந்தா என்று சற்று யோசித்தார். முதலிலிருந்தே தொடங்கினார். முதல் பக்கம் அடுத்ததோடு வெங்காயச் சாற்றில் ஒட்டிப்போயிருந்தது. எப்படித் திருப்பியும் வரவில்லை. நிமிர்ந்து பலகையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, விரலை நாக்கில் தொட்டுக்கொண்டார்.