உள்ளே போகிறவள்

இந்திராணியின் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஜீனத்துக்கு உள்ளே போக மனமில்லை. ஆனால் பின்னால் முனிரத்தினம் நின்றுகொண்டிருந்தார். கட்சியின் வட்டச் செயலாளர். அவளுடைய கணவன் ஃபைசலின் தையல் கடை இருக்கும் கட்டடமும் அவருடையதுதான். "ஆம்பளைங்க போனா வாசல்லயே பேசி அனுப்பிடறாங்கப்பா. உன் வீட்டம்மாவ அனுப்பு. உள்ள போய் மனசுல இன்னா இருக்குதுன்னு தெரிஞ்சிக்கினு வரட்டும்" என்று அவர் கேட்டபோது ஃபைசல் அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் தலையாட்டியிருந்தான். அன்றிலிருந்து துப்பட்டாவின் மேல் கட்சித் துண்டும் கையில் தேர்தல் நோட்டீஸ் கட்டுமாக அவள் வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். போன இடமெல்லாம் டீ கொடுத்தார்கள். போன இடமெல்லாம் சரி என்றார்கள்.

கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த புதிதில் அவளை முதன்முதலாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டவள் இந்திராணி. பிரசவ வலி எடுத்தபோது ஆட்டோவில் மடியில் சாய்த்துக்கொண்டு போனவளும் அவள்தான். இப்போது உள்ளே தறியின் மேல் பழைய புடவை போர்த்தியிருந்தது. இந்திராணியின் கணவர் காலில் மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தார். மழையில், மூடி போடாமல் விட்ட கால்வாய்க்குள் விழுந்தவர். மிதிக்கக் கால் இல்லாமல் தறி ஓடவில்லை. அந்த மூடிக்காக இந்திராணி முனிரத்தினத்தின் வீட்டுக்கு நடையாய் நடந்தது தெருவுக்கே தெரியும்.

ஜீனத் நோட்டீஸை நீட்டினாள். மனப்பாடம் செய்திருந்த பேச்சு பாதியில் நின்றுவிட்டது.

"நீ யாருக்குப் போடப் போற ஜீனத்து?" என்றாள் இந்திராணி.

ஜன்னல் திறந்திருந்தது. வெளியே வெள்ளைச் சட்டையின் தோள் தெரிந்தது. ஜீனத் அதையே பார்த்தாள். அவள் பார்வை போன பக்கம் இந்திராணியும் பார்த்தாள்.

"இதெல்லாம் கேக்கணுமா? எங்க ஓட்டு உங்களுக்குத்தாம்மா!" என்று தெருவுக்குக் கேட்கும்படி சொன்னாள். சொல்லிக்கொண்டே ஜீனத்தின் மணிக்கட்டைப் பிடித்து, இல்லை என்று தலையசைத்தாள். பிறகு காதருகே குனிந்தாள். "உன்ன நெனச்சித்தான் தெருவுல அல்லாரும் இப்படிச் சொல்லிக்கினு இருக்கோம். உன் வீட்டுக்காரர் கடைக்கு ஒண்ணும் ஆவக்கூடாது பாரு."

குடித்த டீயெல்லாம் நெஞ்சில் ஏறி நின்றதுபோல் இருந்தது ஜீனத்துக்கு.

வெளியே முனிரத்தினத்தின் முகம் மலர்ந்திருந்தது. "இந்த வீட்டையே திருப்பிட்டியேம்மா! நாளைலேர்ந்து கூரம், முசரவாக்கம் பக்கமும் நீதான். ஓட்டு எண்ணட்டும். இந்த பூத்துல எவ்ளோ வருதுன்னு காட்டி, வேட்பாளர்கிட்ட உன் பேர நானே சொல்றேன்."

ஜீனத் மீதி நோட்டீஸ்களை எண்ணுவதுபோல் குனிந்தாள். பூத் வாரியாக எண்ணுவார்கள். அன்றைக்கு எல்லாம் தெரிந்துவிடும்.

"அண்ணே... எனக்கு அப்படித் தோணல. தெருவுல கோவம் இருக்குது."

அவர் சிரிப்பு நின்றது. "யாருக்கு?"

அவள் தோளிலிருந்து நழுவிய துண்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"எந்த வீடுன்னு சொல்லும்மா. நான் பாத்துக்கறேன்."

இந்திராணி இன்னும் ஜன்னலருகேதான் நின்றாள்.

"யாருக்கும் இல்லண்ணே" என்றாள் ஜீனத். "சும்மா சொன்னேன்."

"அப்ப நட."

அடுத்த வீட்டின் கதவு சாத்தியிருந்தது. தட்டக் கையை ஓங்கினாள். கை கதவில் படும் முன்பே உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் வந்தது: "உங்களுக்குத்தாம்மா, உங்களுக்குத்தான்!" கூடவே தாழ்ப்பாள் போடும் சத்தம்.

முனிரத்தினம் சத்தமாகச் சிரித்தார். ஜீனத் ஓங்கிய கையோடு நின்றாள்.