வைக்கோல்போரில் மச்சு பிச்சு

கலைமகள் பதினோரு வருடமாகத் தஞ்சாவூர் பெரிய கோயில் வாசலில் கைடு. கழுத்தில் அடையாள அட்டை, கையில் மடக்குக் குடை, வாயில் "கைடு வேணுமா சார்". பஸ் வந்து நின்றால் ஓட வேண்டும். மூச்சு வாங்க ஓடிப்போய் நின்றால், "செல்போன்லயே பாத்துக்குறோம்மா" என்று சொல்லிவிட்டுப் பாதிப் பேர் உள்ளே போய்விடுவார்கள். நாற்பது வயதில் பஸ்ஸுக்குப் பின்னால் ஓடுவது அவளுக்கு வெறுத்துப் போயிருந்தது. வெளியில் யாரிடமும் சொன்னதில்லை. முழங்கால்தான் தினமும் சொல்லிக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் சென்னையில் டூர் கம்பெனி வைத்திருக்கும் செந்தில்குமார் போன் செய்தார்.

"மேடம், பெரு நாட்டுலேருந்து ஒருத்தர் வர்றாரு. வில்பர் கிஸ்பேன்னு பேரு. அவரும் கைடுதான். இன்கா ராஜாக்கள் கட்டின கோட்டை, கோயில், இடிபாடு எல்லாத்தையும் ஒரே நாள்ல சுத்திக் காட்டுறவரு. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். நம்ம ஊரு பிடிச்சுப்போச்சுன்னா வருஷத்துக்கு எட்டு குரூப் அனுப்புறேங்குறாரு. எட்டுக்கும் நீங்கதான் கைடு."

"பிடிக்கலன்னா?"

"கும்பகோணத்துல ஒருத்தர் ரொம்ப நாளா கேட்டுக்கிட்டிருக்காரு மேடம்."

அந்தக் கும்பகோணத்துக்காரரை நினைத்தபோதே கலைமகளுக்கு வயிறு எரிந்தது. மூன்று நாள் உட்கார்ந்து இன்கா வீடியோவாகப் பார்த்துத் தள்ளினாள். தொழில் தெரிந்த ஒருத்தருக்குத் தொழில் காட்டுவது சமையல்காரருக்குச் சாப்பாடு போடுவது மாதிரிதான். உப்பு கூடினால் உடனே தெரிந்துவிடும்.

கிஸ்பே குள்ளமாக, அகன்ற மார்போடு, ஐம்பது வயதுக்காரராக வந்து இறங்கினார். இறங்கியதும் கோபுரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜனங்களைப் பார்த்து நின்றார். இருபத்திரண்டு வருடப் பழக்கம் அது. கையை வேறு உயர்த்தினார். அதிராம்பட்டினத்திலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம் ஏதோ அறிவிக்கப் போகிறார் என்று நினைத்து அவர் முன்னால் வரிசையாக நின்றுவிட்டது. கலைமகள் தோளைத் தொட்டு அவரைக் கோபுரத்தின் பக்கம் திருப்ப வேண்டியிருந்தது.

உள்ளே போனதும் பதற்றத்தில் ஒரு தப்பு செய்தாள். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்ற வசனத்தைத் தஞ்சாவூர் கைடுகள் உச்சிவெயில் நேரத்துக்கென்று வைத்திருப்பார்கள். அதுதான் அதற்கு முகூர்த்தம். கலைமகள் அதைக் காலை ஒன்பது மணிக்குச் சொல்லிவிட்டாள்.

கிஸ்பே மேலே பார்த்தார். கீழே பார்த்தார். அவர் நின்றிருந்தது குளுகுளுவென்ற நிழலில். வெயில் இல்லையே என்று தொப்பியைக்கூடக் கழற்றியிருந்தார்.

"அப்படியானால் நான் எதில் நின்றுகொண்டிருக்கிறேன்?" என்று ஆங்கிலத்தில் மரியாதையாகக் கேட்டார்.

"நண்பகலில் விழாது."

"நண்பகலில் என் நிழலும் விழாது" என்றார் கிஸ்பே. சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து எதையோ எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவள் வாயைத் திறந்த போதெல்லாம் அந்த நோட்டும் திறந்தது. உச்சிக் கல்லை எப்படி மேலே ஏற்றினார்கள் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது என்றாள். "நானும் தினமும் இதைத்தான் சொல்கிறேன்" என்று புன்னகையோடு எழுதிக்கொண்டார். எட்டு குரூப்பும் ஒவ்வொன்றாகக் கும்பகோணத்து பஸ் ஏறிப் போவது கலைமகளுக்குக் கண்ணெதிரே தெரிந்தது.

பன்னிரண்டரைக்கு நடை சாத்திவிட்டார்கள். இனி நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். இந்த மூன்றரை மணி நேரத்தை எப்படித் தள்ளுவது என்பதுதான் தஞ்சாவூர் கைடுகளின் பெரிய பாடு. கலைமகளிடம் ஒரு வழி இருந்தது. வாழை இலையில் சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், பாயசம், தயிர் என்று வரிசையாகப் போட வைப்பாள். எப்பேர்ப்பட்ட வெளிநாட்டுக்காரரும் தயிர் வருவதற்குள் கண்ணைச் செருகிவிடுவார். அப்படியே ஏசி அறையில் கொண்டுபோய்ச் சாய்த்துவிட்டால் நாலு மணி வரை கவலை இல்லை.

கிஸ்பே பாயசத்தை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "அடுத்து எங்கே?" என்று கேட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் டிரைவர் சாமிதுரை தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

"மேடம், ஒரு சின்ன விஷயம்."

"வேண்டாண்ணே. உங்க சின்ன விஷயம் எனக்குத் தெரியும்."

"இன்னிக்கு வாய்க்கால்ல என் முறை மேடம். ஒரு மணியிலேருந்து மூணு மணி வரைக்கும். இதை விட்டா இன்னும் ஆறு நாளைக்கு ஒரு சொட்டு கெடையாது. நட்டு இருபது நாள்கூட ஆவல, வயலு வெடிச்சுக் கெடக்கு."

சாமிதுரைக்குத் திருக்காட்டுப்பள்ளி ரோட்டில் ஒன்றரை ஏக்கர் குத்தகை வயல். வாய்க்காலின் கடைசி வயல் அது. மேலே இருக்கிறவர்கள் எல்லாரும் எடுத்தது போக மிச்சத் தண்ணீர்தான் அங்கே வரும்.

"இதைக் காலையிலேயே சொல்லக் கூடாதாண்ணே?"

"சொன்னா வேற டிரைவரைப் போட்டிருப்பீங்களே மேடம்."

கிஸ்பே இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கலைமகள் தொண்டையைச் செருமிக்கொண்டு, பக்கத்தில் பழங்காலத்து இடம் ஒன்று இருக்கிறது, பயணத் திட்டத்தில் இல்லாதது, முக்கியமான விருந்தாளிகளுக்கு மட்டும் காட்டுவது என்றாள். சாமிதுரை ஆங்கிலம் பேசமாட்டார். ஆனால் வெளிநாட்டுக்காரர்களை ஏற்றி இறக்கியதில் எல்லாம் புரியும். சிரிப்பை அடக்கிக்கொண்டு வண்டியை எடுத்தார்.

போய் இறங்கினால் நாலா பக்கமும் தட்டையான பச்சை. கிஸ்பே கண்ணைச் சுருக்கிக்கொண்டு இடிபாட்டைத் தேடினார்.

"எங்கே?"

"இதுதான்" என்று வாய்க்காலைக் காட்டினாள் கலைமகள். "ராஜா காலத்திலிருந்து ஓடுகிறது." இது ஒருவேளை உண்மையாகவும் இருக்கலாம்.

அதற்குள் சாமிதுரை கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மடையில் இறங்கிப் பலகையைத் தூக்கியிருந்தார். தண்ணீர் கலங்கலாக வயலுக்குள் நுழைந்தது. கிஸ்பே கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு ஷூவைக் கழற்றிவிட்டு வாய்க்காலுக்குள் இறங்கித் தண்ணீரில் கையை விட்டார்.

"எங்கள் மலையிலும் இதே மாதிரி வாய்க்கால்கள் இருக்கின்றன. கல்லில் வெட்டியவை" என்றார். "இவர்களுக்கு நான் காட்டட்டுமா? நீங்கள் மொழிபெயர்ப்பீர்களா?"

களை பறித்துக்கொண்டிருந்த பொன்னுத்தாயும் இன்னும் மூன்று பெண்களும் அப்போதுதான் வரப்பில் தூக்குவாளியைத் திறந்திருந்தார்கள். கூட்டம் தயார். ஆனால் இன்கா ராஜாக்களின் மலைநகரமான மச்சு பிச்சுவைக் காட்ட ஒரு மலை வேண்டுமே. சுற்றுவட்டாரத்தில் உயரமாக இருந்தது களத்துமேட்டில் யாரோ போட்டு வைத்திருந்த ஒரு வைக்கோல்போர்தான். கிஸ்பே சேற்றுக்காலோடு அதன் உச்சிக்கு ஏறிவிட்டார்.

வரப்புகள் எல்லாம் கற்சுவர்கள், வயல்கள் எல்லாம் மலையில் வெட்டிய படிகள், மோட்டார் கொட்டகை சூரியன் கோயில். கையை வீசி வீசி அவர் காட்டக் காட்ட, கலைமகள் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"மலைச்சரிவுல வயலா?" என்று பொன்னுத்தாய் வாயைப் பிளந்தாள். "நாத்து நடுறவ கால் சறுக்கினா எங்கம்மா போயி விழுவா?"

"படிப்படியா வெட்டியிருப்பாங்க அக்கா."

"அப்பக் கூலி கூடக் குடுத்திருப்பானுவ" என்றாள் பொன்னுத்தாய்.

அப்போது மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார் தங்கையன். தலைமடையில் எட்டு ஏக்கர் வைத்திருப்பவர். வாய்க்கால் தண்ணீர் முதலில் பாய்வது அவர் வயலுக்குத்தான். சாமிதுரையின் முறை மூன்று மணி வரை, அதற்கு அடுத்தது தங்கையன் முறை. தங்கையன் கடிகாரத்தில் எப்போதும் மூன்று மணி சீக்கிரமாகவே ஆகிவிடும். இன்றைக்கு இரண்டு மணிக்கே வந்துவிட்டார்.

"போதும், அடைப்பா!" என்று சத்தம் போட்டுக்கொண்டு வந்தவர், நிமிர்ந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றார். "யாரு அது, என் போர் மேல?"

"பெரு நாட்டுலேருந்து வந்திருக்காருங்க. பெரிய அறிஞர்" என்றாள் கலைமகள்.

அறிஞர் என்றதும் தங்கையன் கொஞ்சம் தயங்கினார். கிஸ்பே யாரையும் கவனிக்கவில்லை. பேச்சின் வேகத்தில் அவர் ஆங்கிலத்தை விட்டு ஸ்பானிஷுக்குத் தாவியிருந்தார். கலைமகளுக்கு ஸ்பானிஷில் ஒரு எழுத்துகூடத் தெரியாது. எல்லாரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாமிதுரையின் வயலில் தண்ணீர் பாதிகூட எட்டவில்லை. தங்கையனின் கை பலகைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

பதினோரு வருடம் பழகிய வாய் அது. காதுக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் அதுபாட்டுக்கு ஓடும்.

"சார் என்ன சொல்றாருன்னா, அந்த மலையில மேலேருந்து கீழ வரைக்கும் நூறு படி வயலு. ஒரே வாய்க்கால். முதல் வயலு ராஜாவோட மச்சானுக்கு. கடைசி வயலு ஒரு ஏழைக் குடியானவனுக்கு. ஆளாளுக்கு முறை போட்டுத்தான் தண்ணி. ஆனா குடியானவன் முறை வர்றப்பல்லாம் மச்சான் நேரத்துக்கு முன்னாடியே வந்து பலகையைப் போட்டுருவாரு."

"அடப்பாவி!" என்றாள் பொன்னுத்தாய். அப்படிச் சொல்லும்போது அவள் பார்த்தது பெரு நாட்டுப் பக்கம் இல்லை.

தங்கையனின் கை நின்றது. "யாரும்மா அந்த மச்சான்?"

"அது ஆச்சுங்க, ஐந்நூறு அறுநூறு வருஷம்."

"ம்" என்றார் தங்கையன்.

மேலே கிஸ்பே நெஞ்சில் கை வைத்து ஸ்பானிஷில் உருகிக்கொண்டிருந்தார். "அன்னிக்குக் குடியானவன் வயலு வெடிச்சுக் கெடந்துச்சு. அவன் ராஜாகிட்டப் போகல. சண்டைக்கும் போகல. கடைசிப் படியில நின்னு மேல பாத்துக்கிட்டே இருந்தான்" என்றாள் கலைமகள்.

சாமிதுரை சேற்றில் நின்றபடியே கேட்டார்: "மேடம், சாரைக் கேளுங்க. அந்தக் கடைசி வயலுக்குத் தண்ணி வந்துச்சா, வரலையா?"

வசமாக மாட்டிக்கொண்டாள். வேறு வழியில்லாமல் ஆங்கிலத்தில் கேட்டாள்: "கடைசிப் படியில் இருந்த வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்ததா என்று கேட்கிறார்."

கிஸ்பேயின் கைகள் இறங்கின. வைக்கோல்போர் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"எனக்குத் தெரியாது" என்றார். "இருபத்திரண்டு வருடத்தில் யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை."

இதை மட்டும் கலைமகள் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தாள்.

தங்கையன் பலகையைப் பார்த்தார். பிறகு சாமிதுரையின் வயலில் இன்னும் நனையாமல் கிடந்த பாதியைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்க்கவில்லை. "சரி சரி, நாலு மணி வரைக்கும் ஓடட்டும்" என்றார். "முதல்ல அந்தாளைப் போரை விட்டு எறங்கச் சொல்லுங்க. வைக்கோல் சரிஞ்சு கெடக்கு."

திரும்பி வரும்போது காரெல்லாம் சேறு. களை பறிக்க வந்தவர்கள் மடையைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்ததால் சாமிதுரை சந்தோஷமாக ஓட்டினார். கலைமகளின் கைப்பையில் போன் அடித்தது. செந்தில்குமார். முடிவு கேட்கத்தான் கூப்பிடுகிறார்.

"எடுக்காதீர்கள்" என்றார் கிஸ்பே. "முதலில் ஒரு கேள்வி. அந்த மனிதர் தண்ணீரை அடைக்க வந்தவர். எங்கள் ஊரிலும் அவரை மாதிரி ஆட்கள் உண்டு, பார்த்ததுமே தெரிந்தது. அடைக்காமல் போய்விட்டார். நான் சொன்னது சுவரின் உயரம், படிகளின் எண்ணிக்கை, கல்லின் எடை. இதைக் கேட்டு யாரும் மனம் மாறியதில்லை. நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். வாயில் தயாராகவே இருந்தது. ஆனால் அந்த மனுஷன் அத்தனை பேர் முன்னால் தெரியாது என்று சொன்னவர். அவரிடம் பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. எட்டு குரூப்புக்கும் மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டாள்.

"நீங்கள் ஸ்பானிஷில் பேசினீர்கள். எனக்கு ஸ்பானிஷ் தெரியாது. நானே ஒரு கதையைச் சொன்னேன்" என்றாள். ராஜாவின் மச்சான், நூறு படி, குடியானவன், பலகை என்று ஒன்று விடாமல் ஒப்பித்தாள். கிஸ்பே நோட்டைத் திறந்து வேக வேகமாக எழுதினார். போன் அடித்து அடித்து நின்று, மறுபடியும் அடித்தது.

எழுதி முடித்ததும் கிஸ்பே நிமிர்ந்தார்.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன?"

"கடைசி வயலுக்குத் தண்ணீர் போனதா, இல்லையா?"

கலைமகள் அவர் முகத்தைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருட சர்வீஸ். அத்தனை கட்டுக்கதையும் சொல்லிப் பழகிய ஆள். இந்தக் கதை முழுப் பொய் என்று அவள் வாயாலேயே கேட்டுவிட்டு, விடைக்காக இருக்கையின் நுனிக்கு வந்திருந்தார். அவளுக்கு உடம்பெல்லாம் ஒரு தெம்பு வந்தது. சொல்வதற்கு வாயைத் திறந்தவள், மூடிக்கொண்டாள்.

"எட்டு குரூப்பையும் அனுப்புங்கள்" என்றாள். "முதல் குரூப்போடு நீங்களும் வாருங்கள். வாய்க்கால் கரையில் வைத்துச் சொல்கிறேன்."

கிஸ்பே அவளை முறைத்துப் பார்த்தார். பிறகு இருக்கை குலுங்கக் குலுங்கச் சிரித்தார். அவர் கையை நீட்டியதும் போனைக் கொடுத்தாள்.

"மிஸ்டர் செந்தில், எட்டு குரூப். இந்தக் கைடுதான் வேண்டும்" என்றார். "முதல் குரூப்பில் எனக்கும் ஒரு சீட் போடுங்கள்."

கலைமகள் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ரோட்டோரத்தில் ஒரு பஸ் ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தது. அவள் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தாள்.

சாமிதுரை கண்ணாடியில் அவளைப் பார்த்தார்.

"மேடம், எனக்கு மட்டுமாவது இப்பவே சொல்லக் கூடாதா? தண்ணி வந்துச்சா?"

"ரோட்டைப் பாருங்கண்ணே" என்றாள் கலைமகள்.