நிறுத்திய மூன்றாம் நாள்

பாளையங்கோட்டையில் ஓர் அறக்கட்டளை நடத்தும் போதையிலிருந்து மீள உதவும் தொலைபேசி எண்ணுக்கு ஆள் எடுத்தபோது இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். முதல் நாள், பந்தை ஒருத்தர் மேல் ஒருத்தர் எறிந்து பெயர் சொல்லும் விளையாட்டு. அப்புறம் காது கொடுத்துக் கேட்பது எப்படி, பாராட்டுவது எப்படி, கூப்பிடுகிறவரின் நம்பிக்கையைப் புண்படுத்தாமல் பேசுவது எப்படி. இரண்டாம் நாள் மதியம் டாக்டர் பேச வேண்டும். சிறப்பு விருந்தினர் மைக்கை விட்டால்தானே? டாக்டர் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, நோயாளிகள் காத்திருக்கிறார்கள் என்று எழுந்து போய்விட்டார். மிச்ச நேரத்தில் சான்றிதழோடு போட்டோ எடுத்தார்கள். பாயசத்தோடு சாப்பாடு. இந்த லட்சணத்தில்தான் பொன்செல்வி ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

நல்ல பெண். யாரிடமும் முகம் சுளிக்க மாட்டாள். குடியைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது என்பது அவள் குற்றமா என்ன?

தசரா சமயம். ஒரு காலையில் முக்கூடலிலிருந்து சுடலைவடிவு கூப்பிட்டாள். வயல் வேலை செய்கிறவள்.

"யம்மா, எங்க வீட்டுக்காரவிய கண்ணு முழிச்சதுமே குடிக்கிற ஆளு. கல்யாணம் ஆன நாள்லேருந்து இப்படித்தான். நாந்தான் அழுது கரைஞ்சு குலசைக்குக் கூட்டிட்டுப் போயி காப்பு கெட்ட வச்சேன். முந்தாநாள்லேருந்து ஒரு சொட்டு தொடல. ஆனா கை கிடுகிடுன்னு ஆடுது. வேர்த்து ஊத்துது. தூக்கமே இல்ல."

குலசைக் கோயில் முத்தாரம்மனுக்குக் காப்புக் கயிறு கட்டினால் தசரா முடியும்வரை குடியைத் தொடக்கூடாது. எத்தனையோ பெண்கள் அந்தக் கயிற்றை நம்பித்தான் இருக்கிறார்கள். பொன்செல்விக்குச் சந்தோஷத்தில் குரலே மாறிவிட்டது.

"ரொம்பப் பெரிய விசயம்க்கா. அவரைப் பாராட்டுங்க. நடுக்கம் எல்லாம் ரெண்டு நாள்ல சரியாயிரும். விரதத்த மட்டும் விட்டுராம பாத்துக்கோங்க."

சொல்லிக் கொடுத்தபடியே சொன்னாள்.

மத்தியானம் மறுபடி சுடலைவடிவு. பின்னால் மேளச் சத்தம் காதைக் கிழித்தது.

"யம்மா, அவியளுக்கு அம்மன் வந்துட்டா! உடம்பு பூரா ஆடுது. சுவத்தப் பாத்துப் பேசுதாவ. பூச்சி ஊருதுன்னு தட்டித் தட்டி விடுதாவ. தெருவே வேப்பிலையும் மஞ்சத்தண்ணியுமா கூடி நிக்கி. எல்லாரும் குறி கேக்காவ."

அம்மன் வந்தவருக்குப் பூச்சி ஏன் ஊர்கிறது? பொன்செல்விக்கு உறுத்தியது. பயிற்சியில் பேசாமல் போன அந்த டாக்டருக்கே போன் போட்டாள்.

"எவன் நிறுத்தச் சொன்னது?" என்று டாக்டர் கத்தினார். "வருசக்கணக்கா குடிக்கிறவன் சட்டுன்னு நிறுத்தினா இப்படித்தான் புத்தி கலங்கும், வலிப்பு வரும், உயிரே போகும். ஆஸ்பத்திரியில மருந்தோடதான் நிறுத்தணும். அதைச் சொல்லத்தாம்மா அன்னைக்கு வந்தேன்."

பொன்செல்வி நூற்றியெட்டு ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு முக்கூடலுக்குக் கூப்பிட்டாள். "அக்கா, அது அம்மன் இல்ல. குடிய திடீர்னு விட்டதால வந்த நோய். வண்டி வருது, ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க."

போனைப் பிடுங்கியது சுடலைவடிவின் கொழுந்தன் மகாராஜா. "ஏ புள்ள, எங்க அண்ணன் மேல ஆத்தா வந்து நிக்கா. அவள நோய்ங்க நீ யாரு? காலையில வெரதத்த விடாதன்னு சொன்னதும் நீதான?"

காப்புக் கட்டினவரை ஆஸ்பத்திரியில் போடுவதா என்று தெருவே சேர்ந்து ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்பியது. விளக்கு வைக்கும் நேரத்தில் சுடலைவடிவின் புருஷன் மாடக்கண்ணுவுக்கு வலிப்பு வந்தது. அதையும் அருள் என்று நினைத்து மேளக்காரர்கள் வேகம் கூட்டினார்கள். ஆட்டம் நின்றபோது உயிர் இல்லை.

அடக்கம் முடிந்து இரண்டு நாள் கழித்து சுடலைவடிவு கூப்பிட்டாள்.

"யம்மா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். எங்க கொழுந்தன் மகாராஜாவும் பெருங்குடிகாரன். அண்ணன் பொணத்து மேல கைய வச்சு, இனி தொடமாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டான். இன்னைக்கு அவனுக்கும் கை ஆடுது. சுவத்தப் பாத்துப் பேசுதான். அவன் மேல அண்ணன்தான் எறங்கியிருக்கான்னு எல்லாரும் சொல்லுதாவ. நீ அன்னைக்குச் சொன்னது நெசமா? நான் காப்பு கெட்ட வச்சதாலதான் அவிய போனாவளா?"

இல்லக்கா என்று சொல்லத்தான் பொன்செல்விக்கு நாக்குத் துடித்தது. புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு அந்த ஒரு ஆறுதலையாவது கொடுக்கக் கூடாதா? கொடுத்தால் கொழுந்தனும் போய்விடுவான்.

"ஆமாக்கா. சட்டுன்னு நிறுத்தினதாலதான் போனாரு. நானும் தெரியாம விரதத்த விட வேண்டாம்னு சொன்னேன். கொழுந்தன இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. யார் தடுத்தாலும் விடாதீங்க."

போனை வைக்காமலே சுடலைவடிவு தெருவைப் பார்த்துக் கத்துவது கேட்டது.

"ஏ, ஆட்டோவக் கூப்பிடுங்க! அண்ணனும் இல்ல, ஆத்தாளும் இல்ல, இது நோய்! எம்புருசன நாந்தான் கொன்னுட்டேன். இவனையாவது பொழைக்க விடுங்க!"